மிஸிஸ் சிங் தைச்ச எட்டு முகமூடி

இரும் பிள்ளை, உந்தக் கதிரையில இரும். மற்றதுக்குக் கால் ஆடும். உம்மட மனிசன் கீழ ஏஜென்ற்றோட நிண்டு ஃபிரிஜ்ஜுகளைப் பார்க்கட்டும், அதுக்குள்ள நாங்கள் ஒரு தேத்தண்ணி குடிப்பம். ஃபிரிஜ் எல்லாம் நல்லது, நான் பொய் சொல்லமாட்டன். ஐஸ்கிறீம் பெட்டி மட்டும் வெக்கை நாளில கொஞ்சம் கத்தும். சீனி போடலாம்தானே?

கடை நல்லாத்தானே ஓடுது, பிறகேன் அன்ரி விக்கிறியள் எண்டு கேட்டனீர். கேட்டது நல்லம். நாளைக்கு நீர் இந்தக் கடையை எடுத்தால் ஊர்ச்சனம் ஆளுக்கொரு கதை சொல்லும், அதுக்கு முதல் நானே சொல்லிவிடுறன். எங்களை இந்த ஊரை விட்டு எழுப்பினது ஒரு டான்ஸ். சிரியாதையும். டான்ஸ்தான்.

நாங்கள் லண்டனை விட்டு இஞ்ச வந்து வாற கிழமையோட ஒரு வருசம். லண்டனில இவர் பெற்றோல் ஸ்டேசனில நிண்டவர், நான் ஒரு தையல் கடையில. பிள்ளையள் இல்லை எங்களுக்கு. கேக்க நினைச்சனீர், வாய் வரேல்லை, பரவாயில்லை. எல்லாக் கோயிலும் ஏறி இறங்கியாச்சு, எல்லா டொக்டரும் பார்த்தாச்சு, ரெண்டு பேரிலயும் ஒரு பிழையும் இல்லையாம். பிறகேன் லண்டனில கிடந்து மாயவேணும் எண்டு நான்தான் இவரை இழுத்துக்கொண்டு வந்தனான். வேல்ஸ் எல்லைப்பக்கம் ஒரு சின்ன ஊர், ஒரு சேர்ச், ஒரு பப், ஒரு கடை. அந்த ஒரு கடை எங்கட கடை. வடிவான வாழ்க்கை எண்டு நினைச்சன்.

வந்து பார்த்தால், காலமை குட் மோர்னிங், பின்னேரம் லவ்லி டே, அவ்வளவுதான். மழை கொட்டினாலும் லவ்லி எண்டுங்கள். இவற்ற பெயர் குலசிங்கம். அது வாயில வராமல் சிங் ஆக்கிட்டினம். அப்ப நான் மிஸிஸ் சிங். பஞ்சாபி எண்டே நினைச்சிருப்பினம். ஒருத்தரும் எங்களை வீட்டுக்கு வா எண்டு கூப்பிடேல்லை. எனக்கு அது சரியான கவலை. இவருக்கு அது நிம்மதி. ஆரும் வராட்டில் இவருக்குச் சந்தோசம், அப்பிடி ஒரு பிறவி.

தை முதலாந்தேதி, இங்கிலிஷ் வருசப்பிறப்பு, காலமை பத்து மணி இருக்கும். கடை வாசலில சலங்கைச் சத்தம். என்னடா இது, பிள்ளையார் கோயில் திருவிழாவோ எண்டு கதவைத் திறக்கிறன், எட்டு ஆம்பிளையள் நிக்கிறாங்கள். கந்தல் துணியாத் தைச்ச கோட்டு, தொப்பியில இறகு, முழங்காலுக்குக் கீழ சலங்கை, கையில ஆளுக்கொரு பொல்லு. முகம் முழுக்கக் கரி. கண்ணும் பல்லும்தான் வெள்ளை. நான் கதவைச் சாத்தி உள்பூட்டுப் போட்டிட்டன். பிறகு கண்ணாடியால பார்த்தால் பொல்லைப் பொல்லில அடிச்சு அடிச்சுச் சுத்தி ஆடுறாங்கள். எங்கட கோலாட்டம் மாதிரித்தான், ஆனா கோவத்தில ஆடுற கோலாட்டம். மொறிஸ் டான்ஸ் எண்டு சொல்லுறது. நூற்றுக்கணக்கான வருசமா ஆடுறாங்களாம். இவர் ஒருக்கால் கண்ணாடியால எட்டிப் பார்த்திட்டுப் பின்னுக்குப் போனவர்தான், அவங்கள் போய் அரை மணித்தியாலத்துக்குப் பிறகும் வரேல்லை.

மாசிமாசம் நெவில் வந்தார். நெவில் எண்டது இந்த ஊர்த் தச்சுவேலைக்காரன், டான்ஸுக்கு அவர்தான் தலைவர். தொப்பியைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கொண்டு, முகம் பீற்றூட் மாதிரிச் சிவந்து நிக்கிறார். நாங்கள் கரி பூசி ஆடினது உங்களுக்கு மனநோவோ எண்டு கேட்டார். எனக்கு விளங்கேல்லை. உங்கட முகம்தானே ஊத்தை, எனக்கென்ன நோ எண்டன். மனிசன் இன்னும் சிவந்துபோச்சு. பிறகுதான் விளங்கினது, கறுப்புச் சனத்தை நக்கலடிக்கிற மாதிரி இருக்குதாம், இப்ப ஊருக்குள்ள நீங்கள் வந்திட்டியள், இனிக் கரி பூசிறேல்லை எண்டு கூட்டம் வைச்சு முடிவெடுத்தவையாம். எங்களுக்காக, பிள்ளை. எங்கள் ரெண்டு பேருக்காக ஊரே கூடிக் கதைச்சிருக்கு. எனக்குக் கண்ணில தண்ணி வந்திட்டுது.

இவர் கல்லாவில நிண்டு, அப்ப சும்மா முகத்தோட ஆடலாமே எண்டார். அதிசயம், வாயே திறக்காத மனிசன். ஆடேலாதாம். அந்தக் காலத்தில தோட்டத்துக் கூலிச்சனம் குளிருக்குள்ள வேலை இல்லாமல் வீடு வீடா ஆடிக் காசு கேட்டவையாம். ஆர் எவரெண்டு பண்ணைக்காரனுக்குத் தெரிஞ்சால் பிறகு வேலை குடான். அதுக்குத்தான் முகத்தை மறைச்சது. முகம் மறைக்காட்டில் அது மொறிஸ் இல்லை எண்டார் நெவில். அதுக்கு அவர் ஒரு யோசினை வைச்சிருந்தார். உருளைக்கிழங்குச் சாக்கு மாதிரித் துணியில முகமூடி. தலையால போட்டுக் கழுத்தில கட்டுறது, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. தைக்கத்தான் ஆளில்லை எண்டு சொல்லி முடிக்கேல்லை, நான் தைப்பன் எண்டிட்டன். எட்டும் நானே தைப்பன், காசும் வேண்டாம் எண்டன். நெவில் என்ர கையைப் பிடிச்சுக் குலுக்கினார். ஒண்டரை வருசமாக் கையில சில்லறை மட்டும் வைச்ச சனம். இல்லை, அப்ப நாலு மாசம்தான். எனக்கு ஒண்டரை வருசம் மாதிரி இருந்துது.

இதில உமக்கு ஒரு பழைய கதை சொல்லவேணும், இல்லாட்டி மற்றது விளங்காது. நீர் நாலு வயசில இஞ்ச வந்தனான் எண்டனீர் என்ன? அப்ப உமக்குத் தெரியாது. அந்த நேரம் ஆமி வந்து ஊரைச் சுத்திவளைக்கும். எந்த ஆமி எண்டு இப்ப என்னத்துக்கு, எங்களுக்கு மாறி மாறி எல்லாரும் வந்தவங்கள்தானே. ஆம்பிளையள் எல்லாரும் பள்ளிக்கூட வளவுக்கு வா எண்டு அறிவிப்பாங்கள். அங்க ஒரு ஜீப் நிக்கும். அதுக்குள்ள ஒருத்தன் இருப்பான், தலையில சாக்கு, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. ஊர்ச்சனம் ஒவ்வொருத்தரா அவனுக்கு முன்னால நடக்கவேணும். அவன் வாய் திறக்கமாட்டான். தலையை ஆட்டினான் எண்டால் அந்த ஆள் முடிஞ்சுது, ஏத்திக்கொண்டு போயிடுவாங்கள். தலையாட்டி எண்டு சொல்லுறது. ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. எங்கட பொடியங்களில ஒருத்தனைக் காம்பில வைச்சு அடிச்சு, இனித் தாங்கேலாது எண்ட நிலையில கொண்டுவந்து இருத்திறது எண்டும் சொல்லுவினம். இருக்கலாம். எனக்கு அதில ஒரு சொட்டு இரக்கமும் இல்லை.

யோகண்ணா போகேக்க இருபத்தொரு வயசு. யோகேந்திரன், என்ர கூடப்பிறந்த அண்ணா. ஒரு இயக்கத்திலயும் இல்லை, பிள்ளையளுக்குக் கணக்கு ரியூசன் குடுத்துக்கொண்டு இருந்தவர். நான் அப்பத்தான் தையல் பழகினது, முதல் முதல் தைச்ச ஆம்பிளைச் சேட் அவருக்கு. மஞ்சளில மண்ணிறக் கட்டம். ஒரு பொக்கற் காணாது, ரெண்டு பக்கமும் வை எண்டு ஒரே ஆக்கினை. ரெண்டு பொக்கற் வைச்சுக் குடுத்தன். அதைப் போட்டுக்கொண்டுதான் அண்டைக்குப் பள்ளிக்கூட வளவுக்குப் போனவர். இருநூறு பேர் நடந்ததில மூண்டு பேருக்கு ஆட்டினவனாம். மற்ற ரெண்டு பேரும் ஆறு மாசத்தால வந்தவை. யோகண்ணா வரேல்லை. அம்மா சாகும்வரைக்கும் காம்ப் வாசல் வாசலாத் திரிஞ்சவ.

அண்டையிலயிருந்து ஒரு நாள் விடாமல், காலமை விளக்குக் கொளுத்தேக்க சொல்லுறனான். அண்ணாவுக்கு ஆட்டின அந்தத் தலை அழுகவேணும். அவன்ர வம்சம் அவனோட அறவேணும். வாய்விட்டுத்தான் சொல்லுவன், மனசுக்குள்ள சொன்னால் சாமிக்குக் கேளாது. இவர் அந்த நேரம் எழும்பி வெளியில போயிடுவார். சாம்பிராணிப் புகை இவருக்கு ஒத்துவராது.

நீர் நினைக்கிறது விளங்குது. அப்பிடிப்பட்டவ எப்பிடி அந்தச் சாக்கைத் தைச்சவ எண்டுதானே? நானும் யோசிச்சன், யோசியாமல் இல்லை. ஆனா பிள்ளை, நான் அந்தத் தலையாட்டியைக் கண்ணால காணேல்லை. பொம்பிளையள் வீட்டுக்குள்ள. எல்லாம் ஆக்கள் சொல்லக் கேட்டதுதான். இது இங்கிலிஷ் சாக்கு, துவைச்சு இஸ்திரி போட்டது, கடையில மீற்றர் கணக்கில வாங்கினது. பழசை நினைச்சு நினைச்சு எத்தினை வருசம் தனிய இருக்கிறது? நாலு சனத்தோட சேரவேண்டாமே?

இவரைப் பற்றிச் சொல்லவேணும். பக்கத்தூர்க்காரர். இவரும் பட்டவர்தான், பாவம். அதே வருசம் இவரையும் பிடிச்சு ரெண்டு மாசம் காம்பில வைச்சிருந்தவங்கள். வலது காது கேளாது. இடது கையில மூண்டு விரலுக்கு நகம் ஒழுங்கா முளைக்கேல்லை. விட்டவுடன கொழும்பு, பிறகு லண்டன். ஒம்பது வருசத்தால ஆள் விட்டுக் கேட்டவர், அந்த வீட்டுப் பிள்ளைதான் வேணும் எண்டு. சீதனம் ஒரு சதம் வேண்டாமாம். அண்ணா இல்லாத வீடு, அப்பா படுக்கையில, எங்களை ஆர் கேப்பினம்? பொம்பிளை பார்க்க வந்த அண்டைக்கு என்னைப் பார்க்கேல்லை, அண்ணாவின்ர படத்துக்கு முன்னால போய் நிண்டவர்தான். குடுத்த தேத்தண்ணி ஆறிப்போச்சு. எவ்வளவு பண்பான பிள்ளை எண்டு அம்மா சொல்லிச் சொல்லி அழுதவ. இந்த இருபத்தைஞ்சு வருசத்தில என்ர ஒரு சொல்லுக்கு மறுசொல்லுச் சொன்னதில்லை. கொண்டா எண்டால் கொண்டருவார், இரு எண்டால் இருப்பார். உப்பிடி ஒரு மனிசன் கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தனோ.

நெவிலின்ர ஆக்களில ஒருத்தருக்கு முழங்கால் பிழைச்சுப்போச்சு. எட்டுப் பேர் இல்லாட்டில் ஆடேலாது, சோடி சோடியாத்தானே நிக்கிறது. நான் விடுவனே, இவர் ஆடுவார் எண்டு சொல்லிப்போட்டன். எனக்கு ஆட்டம் வராது எண்டார் இவர். வரும் போங்கோ எண்டன். போனார். ஊர் மண்டபத்தில சனிக்கிழமை பின்னேரம் பழக்கிறது. பழக்கத்துக்கு முகமூடி இல்லை, வெறும் முகம்தான். நான் ஒருக்கால் எட்டிப் பார்த்தன். எதிரில நிக்கிறவன்ர பொல்லில இவர் ஓங்கி ஒரு அடி அடிச்சிட்டுச் சிரிக்கிறார். பல்லுத் தெரியச் சிரிக்கிறார், பிள்ளை. எங்கட கலியாணப் படத்தில கூட அந்தச் சிரிப்பு இல்லை. நான் வாசலில நிண்டு அழுதுபோட்டு வந்தன். எனக்கு வேற என்ன வேணும், சொல்லும் பாப்பம்.

நீர் நல்லாத் தலையாட்டிக் கேக்கிறீர். குடியும், ஆறப்போகுது.

கோட்டுத் தைச்சதும் நான்தான். மற்றவை பழைய கேர்ட்டினைக் கிழிச்சுத் தைக்கிறது. நான் என்ர சீலையளைக் கிழிச்சன். பச்சை, ஊதா, அரக்கு, கரைச்சரிகை எல்லாம் நாடா நாடாக் கிழிச்சு, பழைய கோட்டில நெருக்கி நெருக்கித் தைச்சன். உடம்பைத் திருப்பினால் எல்லாம் எழும்பிப் பறக்கும். ஊரில ஒருத்தற்ற கோட்டும் அந்த வடிவு இல்லை. கடைசியா நெஞ்சுப்பக்கம் ஒரு இடம் வெளிச்சுக் கிடந்துது. அதுக்கு என்ர பெட்டியில கிடந்த ஒரு வெட்டுத்துண்டு எடுத்தன். யோகண்ணாவுக்குச் சேட் வெட்டின துணியில மிஞ்சினது. மஞ்சளில மண்ணிறக் கட்டம். முப்பத்திநாலு வருசமா நான் போற இடமெல்லாம் கொண்டு திரிஞ்ச துண்டு. அண்ணாவும் இவரோட சேர்ந்து ஆடட்டும் எண்டு நினைச்சுத் தைச்சன்.

இவர் போட்டுப் பார்க்கக் கண்ணாடிக்கு முன்னால நிண்டார். குனிஞ்சு அந்தத் துண்டைப் பார்த்தார். ரெண்டு பொக்கற் சேட் எண்டார். மெல்லமாத்தான் சொன்னவர். ஓம், அதேதான் எண்டு நான் சொல்லி, பொத்தானைப் பூட்டிவிட்டன். நான் எப்பவாவது சொல்லியிருப்பன், பொக்கற் கதையை. சொல்லியிருப்பன்தானே, இத்தினை வருசத்தில. ஆனா எப்ப சொன்னனான் எண்டு எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் வருகுதில்லை.

முகமூடி எட்டும் தைச்சு முடிச்சு மேசையில பரப்பி வைச்சிருந்தன். இவர் பாண் பெட்டியோட வந்தவர், கண்டிட்டு நிண்டிட்டார். பெட்டி கையிலயே இருக்குது. இஞ்சரும், உதைத் தைக்காதையும் எண்டார். தைச்சு முடிஞ்சுது எண்டன். குடாதையும், நெருப்பில எரிச்சுப்போடும் எண்டார். கலியாணம் கட்டின நாளில இருந்து முதல் முதல் எனக்கு ஒண்டு வேண்டாம் எண்டு சொன்னது அண்டைக்குத்தான். எனக்கு வந்துதே விசர்! உங்கட குணம் எனக்குத் தெரியும், நாலு சனத்தோட நான் சேரக்கூடாது, உங்களை மாதிரி மூலைக்குள்ள கிடந்து சாகவேணும், அதுதானே எண்டு கத்தினன். பிள்ளையும் இல்லை, சனமும் இல்லை, எனக்கு ஆர் இருக்கினம் எண்டு கேட்டன். இவர் பெட்டியை வைச்சிட்டு, முகத்தை மூடினவன் மனிசனில்லை எண்டார். அடுத்த நாள் காலமை, சரி போடுறன் எண்டார்.

நானும் இரங்காதவள் இல்லை. இவற்ற முகமூடியில மட்டும் கண் ஓட்டை ரெண்டையும் சுத்தி லேஸ் வைச்சுத் தைச்சன். கன்னத்தில சிவப்பு நூலால ஒரு றோசாப்பூவும் போட்டன். பார்க்கப் பயமில்லாமல் இருக்கட்டும் எண்டு.

மே முதலாந்தேதி. வெயிலெண்டால் அப்பிடி ஒரு வெயில். நான் இருநூறு ரோல்ஸ் சுட்டு மேசையில வைச்சிருந்தன், உறைப்புக் குறைச்சு. மிஸிஸ் சிங், மிஸிஸ் சிங் எண்டு சனம் என்னைச் சுத்தி நிக்குது. மண்டபத்துக்குள்ளயிருந்து எட்டுப் பேரும் முகமூடியோட வந்தினம். சின்னப்பிள்ளையள் கத்திக்கொண்டு தாய்மாருக்குப் பின்னால ஒளிச்சுதுகள். நானும் கையில இருந்த தட்டை வைச்சிட்டு ஒரு அடி பின்னுக்குப் போனன். பிறகு நெஞ்சில மஞ்சள் துண்டைக் கண்டு, இதுதான் என்ர மனிசன் எண்டு ஆறுதல் வந்துது. நல்லா ஆடினார். ஒரு அடி பிழைக்கேல்லை.

ஆடி முடிய ஒரு விளையாட்டு. நெவில் எந்தப் பழைய புத்தகத்தில வாசிச்சாரோ தெரியாது. எனக்கு அதை முதல் ஆரும் சொல்லேல்லை, இவருக்கும் சொல்லேல்லை. எட்டுப் பேரும் பப்புக்கு முன்னால கிடக்கிற நீட்டு மர வாங்கில வரிசையா இருப்பினமாம். வாய் திறக்கக்கூடாது. ஊர்ச்சனம் ஒவ்வொருத்தரா முன்னால வந்து, நீ இன்னார்தானே எண்டு பெயர் சொல்லிக் கேக்கவேணும். சரியெண்டால் தலையாட்டவேணும். பிழையெண்டால் இல்லையெண்டு தலையை அங்காலயும் இஞ்சாலயும். சரியாச் சொன்ன ஆளைப் பிடிச்சுக்கொண்டுபோய் நடுவில நிப்பாட்டி எல்லாரோடயும் ஆடவிடுறது.

மற்ற ஏழு பேரையும் கண்டுபிடிக்கக் கஷ்டம். இவரை என்ன கஷ்டம்? கை மண்ணிறம்தானே. முதல் வந்த பெட்டை கையைப் பார்த்திட்டு, சிங் எண்டு கத்தினாள். இவர் இல்லையெண்டு தலையாட்டினார். சனம் சிரிச்சுது. அடுத்த ஆளும் சிங் எண்டுது. இல்லை. அதுக்கடுத்த கிழவரும் சிங் எண்டார். இல்லை. சனம் விழுந்து விழுந்து சிரிக்குது, இவ்வளவு பகிடிக்காரனோ எங்கட சிங் எண்டு. எனக்குப் பெருமை எண்டால் தலைகால் விளங்கேல்லை. அறுபது எழுபது பேர் வந்தினம், ஒருத்தருக்கும் ஓமெண்டு ஆட்டேல்லை. நெவிலின்ர மோன், இருபது வயசுப் பொடியன், அவன் வரேக்க எழும்பப்போற மாதிரி எழும்பி, இல்லை இல்லையெண்டு அப்பிடி ஆட்டினார். கடைசியா நானும் வரிசையில போனன். சிரிச்சுக்கொண்டு, மிஸ்டர் சிங்தானே எண்டு இங்கிலிஷில கேட்டன். லேசுக்குள்ளால என்னைப் பார்த்து, இல்லையெண்டு ஆட்டினார்.

வரிசை முடிஞ்சுது. முன்னால ஒருத்தரும் இல்லை. இவர் நிப்பாட்டேல்லை. வெறும் வெளியைப் பார்த்து இல்லை, இல்லையெண்டு ஆட்டிக்கொண்டே இருக்கிறார். இருந்தபடி கால் ரெண்டும் நடுங்கி, சலங்கை தன்பாட்டில அடிக்குது. சிரிப்பு ஒவ்வொண்டா நிண்டுபோச்சு. சலங்கை மட்டும் கேட்டுக்கொண்டிருந்துது. பிறகுதான் கண்டன், காற்சட்டையெல்லாம் ஈரம். வாங்குக்குக் கீழ நிலமும் ஈரம்.

நெவில் ஓடிவந்து கழுத்துக் கயித்தை அவிட்டு முகமூடியைக் கழட்டினார். நான் வைச்ச லேஸ் நனைஞ்சு கிடந்துது. இவர் என்ர கையைப் பிடிச்சார். எங்கட பாசையில, ஆறுதலாத்தான் சொன்னவர்.

"எல்லாருக்கும் இல்லையெண்டு ஆட்டிட்டன். அண்டைக்கும் இப்பிடி ஆட்டியிருக்கலாம், இஞ்சரும். அந்த ரெண்டு பொக்கற் சேட்டுக்கும் ஆட்டியிருக்கலாம்."

அதுதான் கடைசி. அதுக்குப் பிறகு இவர் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. மே, ஜூன், ஜூலை, இப்ப ஒக்டோபர்.

டொக்டர் பழைய பயம் எண்டுறார், மருந்து தாறார். வெயிலும் சாக்கும்தான் காரணம் எண்டுறன் நான். மூச்சு முட்டி மூளை கலங்கியிருக்கும். இல்லாட்டி ஏன் அப்பிடி ஒரு விசர்க்கதை கதைக்கவேணும்? நீரே யோசிச்சுப் பாரும். அண்ணாவைப் பிடிச்ச நேரம் இவர் காம்பில எல்லோ இருந்தவர். காம்பில பூட்டிக் கிடந்த மனிசன் எப்பிடி எங்கட ஊர்ப் பள்ளிக்கூட வளவுக்கு வாறது? ஆர் கொண்டுவாறது? நான் இதைத் திருப்பித் திருப்பி யோசிச்சுப்போட்டன். வரேலாது.

இப்ப ஊர்ச்சனம் எல்லாம் வீட்டுக்கு வருகுது. கேக் கொண்டுவருகினம், பூ கொண்டுவருகினம், நெவில் ரெண்டு நாளைக்கொருக்கால் வந்து தொப்பியைக் கழட்டிக்கொண்டு நிப்பார். வந்த நாள் முதல் நான் ஏங்கின சனம். இப்ப பெல் அடிச்சால் எனக்கு எரிச்சல்தான் வருகுது. நெவிலுக்கு ஒருநாள் முகத்துக்கு நேரவே சொல்லிப்போட்டன், நீங்கள் கரியையே பூசிக்கொண்டு ஆடியிருக்கலாம் எண்டு. எங்களுக்காக எண்டு செய்த வேலைதானே. ஆர் கேட்டது உங்களை?

விளக்குக் கொளுத்திறன், இல்லையெண்டு இல்லை. வாய்விட்டு ஒண்டும் சொல்லுறதில்லை. ஆறு மாசமாத் தொண்டை நோ.

இவர் அந்த முன் அறையிலதான் இருக்கிறார். கீழ போகேக்க நீர் ஒருக்கால் வணக்கம் சொல்லும், மரியாதை. பதில் வராது, தலையாட்டுவார். இப்ப எல்லாத்துக்கும் தலையாட்டுறதுதான். சாப்பிட்டியளோ எண்டால் ஆட்டுவார், சாப்பிட்டிருக்கமாட்டார். மழை பெய்யுதோ எண்டாலும் ஆட்டுவார், வெளியில வெயில் எறிக்கும். கடையை வித்திட்டு லண்டனுக்குப் போவமே எண்டன், ஆட்டினார். விக்காமல் இருப்பமே எண்டன், அதுக்கும் ஆட்டினார். ஒரு அர்த்தமும் இல்லை அந்த ஆட்டத்துக்கு.

அதனால ஒருநாள் துணிஞ்சு கேட்டன். போன கிழமை. காலமை தலை இழுத்துவிட்டுக்கொண்டு இருக்கேக்க. யோகண்ணாவுக்கு ஆட்டினது நீங்களோ எண்டு கேட்டன். ஆட்டினார். அது சரி, எல்லாத்துக்கும் ஆட்டுற மனிசன், அதை ஒரு பதில் எண்டு எடுக்கேலுமே? பொறும், பொறும், இதைத்தான் நான் உமக்குச் சொல்ல வந்தது. நான் கெட்டிக்காரி எல்லோ. மாறிக் கேட்டன். நீங்கள் இல்லைத்தானே, உங்களுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைத்தானே, ஓமெண்டு ஒருக்கால் தலையாட்டுங்கோ, அது காணும் எனக்கு எண்டு கேட்டன். சீப்பை வைச்சிட்டு முன்னால வந்து முழங்காலில இருந்து கேட்டன்.

அதுக்கு மட்டும் ஆட்டேல்லை.

நித்திரையாக்கும். மருந்து அப்பிடித்தானே. கண் திறந்துதான் கிடந்தது, என்னைப் பார்த்துக்கொண்டுதான் கிடந்தது. ஆனா கண்ணைத் திறந்துகொண்டு நித்திரை கொள்ளுற ஆக்களும் இருக்கினம்தானே, பிள்ளை? இருக்கினம்தானே?

தலையை ஆட்டாதையும். வாயைத் திறந்து சொல்லும்.